70 டிகிரியிலும் வேகாத புரதம்

போன செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் ஆய்வக மேசையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் ஒரே பஃபர் (அமில-காரத் தன்மை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்), ஒரே அளவு இரும்பு. முதல் குழாயில் கடையில் வாங்கிய மாட்டு ஆல்புமின், இரும்பைச் சேமிக்காத ஒரு ரத்தப் புரதம். அது காவி நிறத்தில் கலங்கி, அடியில் துருப்பொடி போல வண்டல் கட்டியிருந்தது. இரண்டாவதில் நாங்களே பாக்டீரியாவில் வளர்த்தெடுத்த மனித ஃபெரிட்டின் என்ற புரதம். லேசான தேன் நிறம், பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்கலாம், அவ்வளவு தெளிவு. இதற்கு ஏழு மாதம், இரண்டு ஜீன், 29,000 ரூபாய், ஒரு மூலை உடைந்த குவார்ட்ஸ் க்யூவெட் (ஒளியை அளக்கும் கருவியில் வைக்கும் சின்னக் குப்பி) ஆயிற்று.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். இந்த வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பாலக்கோட்டிலிருந்து வரும் மூன்றாமாண்டுப் பெண் ஒருத்தி அதை நீட்டி, "ஃபெரிட்டின் ஆறுன்னு போட்டிருக்கு மேடம். இது என்ன பொருள்? இரும்பா, புரதமா?" என்று கேட்டாள். இரும்பைப் பூட்டி வைக்கும் புரதம் என்று சொன்னேன். 24 துண்டுகள் சேர்ந்து ஒரு உள்ளீடற்ற பந்து, அதற்குள் 4,500 இரும்பு அணு வரை அடங்கும், ரத்தத்தில் கசியும் அளவை வைத்து உடம்பின் இருப்பைக் கணிக்கிறார்கள், 15-க்குக் கீழே போனால் இருப்பு காலி. அவள் தலையாட்டினாள், ஆனால் முகத்தில் நம்பிக்கை இல்லை. சரி, கண்ணால் காட்டிவிடலாம் என்று தோன்றியது.

உண்மையில் நான் முதலில் ஃபெரிட்டினைத் தொடவில்லை. ஆசை பெரிதாக இருந்தது, ஹெப்சிடின் செய்யலாம் என்று போனேன். குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகும் கதவை மூடுகிற ஹார்மோன் அது. 25 அமினோ அமிலம்தானே, சின்னப் பொருள், சுலபம் என்று கணக்குப் போட்டேன். சின்னதாக இருப்பதுதான் தொல்லையே. அந்த 25-இல் எட்டு, சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலம். அவை நான்கு ஜோடியாகச் சரியான துணையோடு கோத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் புரதம் செய்ய வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. உருவான அத்தனையும் செல்லுக்குள்ளேயே கட்டியாகிவிட்டது. 8 மோலார் யூரியாவில் கரைத்து, மெல்ல மெல்ல யூரியாவைக் குறைத்து மடிய வைக்கப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் பைக்குள், அதாவது சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பைக்குள், அரிசி கழுவிய தண்ணீர். இரண்டு மாதம், 7,800 ரூபாய் ஜீன், செப்டம்பர் கடைசியில் மூட்டை கட்டினேன்.

ஃபெரிட்டின் பந்தின் துண்டுகள் எச், எல் என இரண்டு வகைச் சங்கிலிகள்; அதில் எச் சங்கிலியைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் எங்களிடம் இருந்த சாமான்தான். புரதத்தைப் பிரிக்கும் குரோமட்டோகிராஃபி கருவி எங்களிடம் இல்லை. வாட்டர் பாத் இருக்கிறது. ஃபெரிட்டின் 70 டிகிரிச் சூட்டையும் தாங்கும். ஈ. கோலையின் புரதங்களில் பெரும்பாலானவை அந்தச் சூட்டில் வெந்து திரிந்துவிடும். ஆக, அடுப்புதான் எங்கள் குரோமட்டோகிராஃபி.

ஜீன் நீளம் 552 எழுத்து, 183 அமினோ அமிலத்துக்கு. ஈ. கோலைக்குப் பழக்கமான கோடான்களாக (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்கள்) மாற்றி, பெட் வகை பிளாஸ்மிட்டில் (ஜீனைச் சுமந்து செல்லும் டிஎன்ஏ வளையம்) பொருத்தித் தர 9,600 ரூபாய் வாங்கினார்கள். சிறு குழாயின் அடியில் கண்ணுக்கே தெரியாத உலர்ந்த பொடியாகக் கூரியரில் வந்தது. லேப் உதவியாளர் அண்ணன் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காலி டப்பா அனுப்பிட்டாங்க மேடம்" என்றார்.

வளர்ப்பது கஷ்டமில்லை. பிஎல்21 என்ற ஈ. கோலை வகைச் செல்லில் ஏற்றி, ஆம்பிசிலின் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் போட்ட எல்பி ஊடகத்தில் (பாக்டீரியாவுக்கான சத்துக் கரைசல்), 37 டிகிரியில் ஷேக்கரில் விட்டோம். 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கல் அளவு 0.6 வந்ததும், ஜீனை இயங்கச் சொல்லும் பொருளான ஐபிடிஜி 0.5 மில்லிமோலார், அப்புறம் நான்கு மணி நேரம். லிட்டருக்கு 0.12 கிராம் ஐபிடிஜிதான் பிடிக்கிறது, ஒரு கிராம் பாட்டில் 1,450 ரூபாய் என்றாலும் நீண்ட நாள் வரும். முதல் லிட்டர் மட்டும் கோவிந்தா. மறுநாள் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் வந்திருந்ததை நான் பார்க்கவில்லை. காலை ஒன்பதரைக்கு ஷேக்கர் நின்றது, மாலை நான்குக்குக் கரண்ட் வந்தபோது பிளாஸ்க்குகள் நாறிக்கொண்டிருந்தன. இப்போது ஷேக்கர் மூடியில் மின்தடைத் தேதிகளை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இங்கே ஊத்தங்கரைப் பையனின் யோசனை ஒன்றையும் சொல்ல வேண்டும். "இரும்பு நிறைய இருந்தா செல் ஃபெரிட்டினை நிறையச் செய்யும்னு பாடத்துல இருக்கே மேடம், ஊடகத்துல இரும்பு போட்டா விளைச்சல் கூடுமா?" நியாயமான கேள்வி, எனக்கும் அந்த நிமிடம் பதில் உறைக்கவில்லை. பாதி லிட்டரில் ஃபெரஸ் சல்ஃபேட் போட்டும் பாதியில் போடாமலும் வளர்த்தோம். புரதங்களை அளவு வாரியாகப் பட்டையாகப் பிரிக்கும் ஜெல்லில் இரண்டு பட்டையும் ஒரே தடிமன். அப்புறம்தான் மண்டையில் அடித்துக்கொண்டேன். மனித செல்லில் அந்தக் கட்டுப்பாடு இருப்பது ஜீனின் செய்தி நகலான ஃபெரிட்டின் எம்ஆர்என்ஏவின் தலைப்பகுதியில், புரதமாக மாறாத இடத்தில். அங்கே ஒரு கொண்டை ஊசி வளைவு. இரும்பு குறைந்தால் ஒரு புரதம் அதன்மேல் உட்கார்ந்து உற்பத்தியை நிறுத்தும், இரும்பு வந்தால் எழுந்து போய்விடும். நாங்கள் வாங்கியது வெறும் 552 எழுத்து, தலைப்பகுதியே இல்லை. எங்கள் பாக்டீரியாவுக்கு முதலாளி ஐபிடிஜி மட்டும்தான். ஒரு லிட்டர் ஊடகம் வீண் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் நான் மூன்று வருடம் போர்டில் படம் போட்டும் புரியாதது அந்த இரண்டு பட்டையில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு லிட்டருக்கு 3.6 கிராம் ஈரச் செல் கிடைத்தது. 30 மில்லி பஃபரில் கரைத்து, செல் சுவரை உடைக்கும் லைசோசைம் நொதி 30 மில்லிகிராம், அரை மணி நேரம் ஊறல், பிறகு மூன்று முறை உறைய வைத்து உருக்கினோம். ஒலி அதிர்வால் செல்லை உடைக்கும் சோனிகேட்டர் இல்லாதவர்களுக்கு இதுதான் வழி. டிஎன்ஏ வெளியே வந்து முட்டை வெள்ளைக்கரு போலக் கொழகொழத்துவிடும். 18 கேஜ் ஊசி, பிறகு 21 கேஜ் ஊசி வழியாகப் பத்துப் பத்து முறை இழுத்துத் தள்ளினால் தண்ணீராகும். கட்டைவிரல் மறுநாளும் வலித்தது. ஐஸுக்கு கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் கடைக்கு வரும் கட்டியில் கால்வாசி வாங்கிக்கொள்வோம், 40 ரூபாய். பெட்டியைத் திறந்தால் லேபே மீன் வாசம். குழாயின் மூடி இறுக்கமாக இருந்தால் புரதத்துக்கு ஒன்றும் ஆகாது.

இனி அடுப்பு வேலை. முதல் தடவை 30 மில்லியையும் ஒரே பீக்கரில் ஊற்றி, 70 டிகிரி வாட்டர் பாத்தில் பத்து நிமிடம் வைத்து எடுத்தேன். கொஞ்சம்தான் திரிந்தது. ஜெல் ஓட்டினால் புரதத்தின் எடை அளவில் 21 கிலோடால்டனில் எங்கள் பட்டை தெரிந்தது, ஆனால் அதைச் சுற்றி மற்ற புரதங்களின் ஊர்வலமே போனது. பாக்டீரியாவின் புரதம் ஏன் வேகவில்லை என்று ஒரு வாரம் கட்டுரை கட்டுரையாகப் படித்தேன். விடை சொன்னவர் லேப் அண்ணன். "தண்ணி எழுபதுதான் மேடம், உள்ள இருக்கறது எழுபதா?" பீக்கருக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால், பத்தாவது நிமிடம் 54. வீட்டில் இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் இட்லி வெந்துவிட்டது என்று நான் எடுத்துவிடுவேனா?

அடுத்த முறை ஐந்து ஐந்து மில்லியாக மெல்லிய குழாய்களில் பிரித்தோம். வெறும் பஃபர் ஊற்றிய ஒரு குழாயில் தெர்மாமீட்டர். பாத்தை 74-இல் வைத்து, உள்ளே 70 தொட்டதும் கடிகாரத்தை ஓட்டினோம். மூன்றாம் நிமிடமே தயிர் உறைவது போல வெள்ளையாகத் திரண்டது. பத்தாவது நிமிடம் நேராக ஐஸில். பிறகு வேகமாகச் சுழற்றி வண்டலைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் நிமிடத்துக்கு 10,000 சுற்று, 20 நிமிடம். அடியில் கனத்த வெள்ளை அடை, மேலே மிக லேசான மஞ்சளில் தெளிநீர். ஃபெரிட்டின் அந்தத் தெளிநீரில்.

இந்த முறை ஜெல்லில் ஊர்வலம் இல்லை. ஆனால் 14 கிலோடால்டன் அருகே ஒரு மெல்லிய பட்டை. ஃபெரிட்டின் உடைந்துவிட்டதோ என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. வேறொன்றுமில்லை, நாங்களே கையால் போட்ட லைசோசைம். கோழிமுட்டையிலிருந்து வருகிற அதுவும் சூட்டைத் தாங்குகிற ஜாதி. அடுத்த படியில் ஃபெரிட்டினை வீழ்படிவாக்க அமோனியம் சல்ஃபேட் உப்புப் போட்டபோது லைசோசைம் பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிப் போய்விட்டது. ஐஸில் வைத்து, 100 மில்லிக்கு 36 கிராம் கணக்கில், சிட்டிகை சிட்டிகையாக அரை மணி நேரம் கலக்கிக்கொண்டே போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் எல்லாமே சேர்ந்து இறங்கிவிடும். கடைசியில் லிட்டருக்கு 34 மில்லிகிராம் சுத்தமான புரதம். ஹெப்சிடினில் ஒரு மில்லிகிராம்கூடப் பார்க்காதவளுக்கு இது புதையல்.

பெரிய கோட்டை விட்டது இதற்குப் பிறகுதான்.

இரும்பு ஏற்றும் சோதனை எளிது. புரதக் கரைசலில் ஃபெரஸ் இரும்பைச் சிறிது சிறிதாக விட வேண்டும். ஃபெரிட்டின் அதை ஆக்சிஜனேற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃபெரிட்டின் இல்லாத குழாயில் இரும்பு துருவாகி வண்டலாகும். இரும்புக்கு மோர் உப்பு, அதாவது ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட். வேதியியல் துறைக்கு ஆள் அனுப்பி "கொஞ்சம் மோர் உப்பு வேண்டும்" என்று கேட்டதற்கு, கேன்டீனில் கேட்கச் சொன்னாராம் புதிதாகச் சேர்ந்த உதவியாளர். மோர் என்பது ஒரு ஜெர்மன் வேதியியலாளரின் பெயர் என்பதை நான் நேரில் போய்ச் சொல்லி வாங்கி வந்தேன்.

2 மில்லி புரதம், அதில் 10 மில்லிமோலார் மோர் உப்பு 10 மைக்ரோலிட்டர், பத்து நிமிட இடைவெளியில் ஐந்து முறை. ஒவ்வொரு முறைக்கும் ஒரு ஃபெரிட்டின் பந்துக்கு ஏறத்தாழ 100 இரும்பு அணு. பக்கத்தில் அதே பஃபரில் ஆல்புமின். மாலைக்குள் ஃபெரிட்டின் குழாய் வெளிர் மஞ்சளில் பளிங்காக நின்றது. நான் போட்டோ எடுத்தேன், பிள்ளைகளுக்கு வடை டீ வாங்கிக் கொடுத்தேன், வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பாலக்கோட்டுப் பெண் ஸ்டாண்டை எடுத்து வந்தாள். "மேடம், ஆல்புமின் குழாயும் தெளிவாத்தானே இருக்கு?"

இருந்தது. வடை சாப்பிடும் அவசரத்தில் நான் அந்தக் குழாயைப் பார்க்கவே இல்லை.

இரண்டும் தெளிவு என்றால் எங்கள் புரதம் ஒன்றும் செய்யவில்லை, வேறு எதுவோ இரும்பைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த எதுவோ என் பஃபரிலேயே இருந்தது. செல்லை உடைக்கும்போது புரதத்தை அரிக்கும் நொதிகளைத் தடுக்க 1 மில்லிமோலார் இடிடிஏ போட்டிருந்தேன், கையேட்டில் அப்படித்தான் இருக்கும். அதே பஃபரிலேயே டயாலிசிஸும் செய்துவிட்டேன். இடிடிஏவின் தொழிலே உலோகத்தைக் கவ்வுவது. நாங்கள் ஊற்றிய மொத்த இரும்பு 0.25 மில்லிமோலார், இடிடிஏ அதைப்போல் நான்கு மடங்கு. இரும்பு முழுவதும் அதன் பிடியில், கரைந்து, வெளிர் மஞ்சளாக. நான் போட்டோ எடுத்து வைத்தது இடிடிஏவை. ஆல்புமின் குழாய் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் போட்டோவைத் துறைக் கருத்தரங்கில் போட்டிருப்பேன்.

இடிடிஏ இல்லாத பஃபருக்கு மாற வேண்டும். கையில் இருந்த பாஸ்பேட் பஃபரை எடுத்து, வெறும் பஃபரில் ஒரு சொட்டு மோர் உப்பு விட்டுப் பார்த்தேன். புரதம் எதுவும் இல்லாமலேயே மங்கியது. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் கரையாது என்பது பிளஸ் டூ பாடம். கடைசியில் ஹெப்பிஸ் என்ற பஃபர்ப் பொருள் 25 கிராம் 1,900 ரூபாய்க்கு வாங்கினேன், 100 மில்லிமோலார், பிஎச் 7.0.

இன்னும் ஒரு ஓட்டை இருந்தது. டயாலிசிஸ் பையைப் பயன்படுத்தும் முன் சோடா உப்பும் இடிடிஏவும் போட்ட தண்ணீரில் கொதிக்க வைப்பது எங்கள் வழக்கம். முன்வாசலில் துரத்தியது கொல்லைப்புறமாக வந்துவிடும். இப்போது கொதித்த பையைக் காய்ச்சி வடித்த நீரில் ஐந்து முறை அலசுகிறோம். கண்ணாடிச் சாமான்களை 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு இரவு ஊற வைக்கிறோம். எங்கள் போர்வெல் தண்ணீர் ஒரு வருடத்தில் வடிகலத்தின் ஹீட்டர் காயிலைச் சுண்ணாம்புக் குச்சியாக்கிவிடும். அதில் கழுவிய பீக்கரை நம்பி இரும்பை அளக்க முடியாது.

பாக்டீரியாவே ஏற்றி அனுப்பியிருந்த கொஞ்ச இரும்பையும் கழற்ற வேண்டியிருந்தது. பிஎச் 5.5 அசிடேட் பஃபரில் 1 சதவீத தயோகிளைகாலிக் அமிலம், இரண்டு முறை மாற்றி. முடி நீக்கும் க்ரீமில் வருகிற அதே நாற்றம், பல மடங்கு. மேல்மாடியிலிருந்து தமிழ்த்துறை ஐயா ஆளனுப்பி விசாரித்தார். ஜன்னல் பக்கம் வைத்துச் செய்யுங்கள்.

மோர் உப்புக் கரைசலிலும் ஒரு பாடம். காலையில் கலக்கி வைத்தது மதியத்துக்குள் மஞ்சளாகிவிட்டது, ஊற்றும் முன்பே துரு. இப்போது தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, இரண்டு மூன்று சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, 100 மில்லிக்கு 0.392 கிராம், சோதனைக்குப் பத்து நிமிடம் முன்னால் கரைக்கிறோம். மிச்சத்தைக் கீழே கொட்டிவிடுவது, எடுத்து வைப்பதே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஃபெரிட்டின் குழாயில், ஏறிய இரும்பு உறிஞ்சும் ஒளியை 310 நானோமீட்டரில் எடுத்த அளவுகள்: முதல் சேர்ப்புக்கு 0.12, பிறகு 0.24, 0.37, 0.48, 0.60. படிக்கட்டு மாதிரி ஏறியது. சாதாரணக் கண்ணாடி க்யூவெட் இந்த அலைநீளத்துக்கு ஆகாது, மூலை உடைந்த குவார்ட்ஸ் ஒன்றை வைத்தே ஒப்பேற்றினோம். ஆல்புமின் குழாய் முதலில் சும்மா இருந்தது, ஒரு மணி நேரத்தில் மங்கி, மாலைக்குள் வண்டல் கட்டியது. நான் இந்த முறை இரண்டு குழாயையும் பார்த்தேன்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, புரதத்தைக் கலைக்காமல் பிரிக்கும் 6 சதவீத நேட்டிவ் ஜெல்லில் ஓட்டி, பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த சாயத்தில் போட்டோம். பெங்களூரில் ஆய்வு செய்யும் தோழி கொஞ்சம் குதிரை மண்ணீரல் ஃபெரிட்டினைத் தெர்மாஸில் வைத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தாள், அது பக்கத்துக் குழியில். இருபது நிமிடத்தில் இரண்டு இடத்திலும் நீலப் பட்டை எழுந்தது. பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் ஃபெரிக் இரும்புக்கு வருமே, அதே பிரஷ்யன் நீலம். "இது நாங்க ஸ்கூல்லயே பண்ணினது மேடம்" என்றான் ஊத்தங்கரைப் பையன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அவன் மாமா ஊர் மயிலாடும்பாறைப் பக்கம். அங்கே தோண்டியெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தபோது ஊரே பெருமைப்பட்டதாம். நாலாயிரம் வருடமாக இரும்போடு புழங்குகிற மண்ணில் எங்கள் 0.25 மில்லிமோலார் அவனுக்குப் பெரிதாகத் தெரியாததில் ஆச்சரியமில்லை.

செலவுக் கணக்கு. ஃபெரிட்டின் ஜீன் 9,600, எல்பி பொடி 2,300, ஐபிடிஜி 1,450, ஆம்பிசிலின் 700, லைசோசைம் 1,100, அமோனியம் சல்ஃபேட் 380, டயாலிசிஸ் பை 2,900, ஹெப்பிஸ் 1,900, ஐஸும் பஸ்ஸுமாக 900. கூட்டினால் 21,230. ஹெப்சிடினில் போன 7,800 தனி. கல்லூரி தந்தது 15,000, மீதி என் கையிலிருந்து. வடை டீ இதில் சேரவில்லை.

அடுத்த முறை உடைக்கும் பஃபரிலேயே இடிடிஏ போட மாட்டேன். சூட்டில் அந்த நொதிகளும் வெந்துவிடும் என்பதால், ஐஸை விட்டு எடுக்காமல் வேகமாக வேலை செய்தால் போதும் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பாட்டிலிலும் பஃபரின் பெயருக்குப் பதில் அதில் என்னென்ன இருக்கிறது என்பதை எழுதுவேன். தயாரித்த புரதத்தை உறைய வைக்கவும் மாட்டேன். ஒரு குழாயை மைனஸ் 20-இல் போட்டு உருக்கியபோது கலங்கிவிட்டது. மீதி எல்லாம் கிருமி வளராமல் தடுக்கும் 0.02 சதவீத சோடியம் அசைடோடு 4 டிகிரி ஃபிரிட்ஜில், மூன்று வாரமாக நன்றாகவே இருக்கிறது. எல் சங்கிலியின் ஜீனுக்கு விலை கேட்டிருக்கிறேன். அதற்கு இரும்பை ஆக்சிஜனேற்றும் இடம் கிடையாது. எச் சங்கிலியோடு பக்கத்தில் வைத்து ஓட்டினால் ஏறும் வேகத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிய வேண்டும்.

அந்த இரண்டு குழாய்களும் இன்னும் ஜன்னல் திண்ணையில் நிற்கின்றன. பாத்திரம் கழுவும் அக்கா எடுத்துப் போய்விடக் கூடாது என்று லேப் அண்ணன் டேப் ஒட்டி மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறார். ஒன்றில் "துரு". மற்றதில் "தேன். குடிக்காதீங்க".